வச்சவங்கதான் எடுக்கணும்

காலை ஆறு நாற்பது பஸ்ஸைப் பற்றிச் செல்லம்மாவிடம் யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொல்வதானால் அவள்தான் சொல்லுவாள். தெலுங்கு பேசும் ஊரில், பதினோரு வருஷமாக லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் ஸ்டாப்பில் ஏறி, மௌலாலி வழியாகப் போய், ஏ.எஸ்.ராவ் நகரில் இறங்குகிறவள். கண்டக்டர்கள் மாறினார்கள், சீட்டுகள் கிழிந்தன, ஜன்னல் கண்ணாடி ஒன்று மூன்று வருஷமாகக் கயிற்றில் தொங்குகிறது. பிறந்த வீட்டைப் பேசுவது போலத்தான் அந்தப் பஸ்ஸைப் பேசுவாள். திட்டுவாள், விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஏ.எஸ்.ராவ் நகரில் சுப்ரியா மேடம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் அவள் சமையல். நாற்பது பிள்ளைகள். ஏழரைக்கு அடுப்பைப் போட்டால்தான் எட்டரைக்குப் பொங்கலோ உப்புமாவோ தட்டில் விழும். மத்தியான ரசத்தை மட்டும் வீட்டிலேயே வைத்து மூன்றடுக்குக் கேரியரில் எடுத்துப் போவாள். காப்பகத்துக் கரண்ட் அடுப்பில் கொதிப்பதை ரசம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெலுங்குப் பிள்ளைகள், இந்திப் பிள்ளைகள், எல்லாம் அதற்கு வைத்த பெயர் "செல்லம்மா ஆன்ட்டி ரசம்". வீட்டுக்காரர் துரைராஜுக்குப் பென்ஷன் வருகிறது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, அது அந்த ரசம்.

காலையில் நாலு நடை ஓடிய பஸ், தீபாவளிக்குப் பிறகு இரண்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆறு நாற்பது ஒன்றுதான். அதுவும் நினைத்தால் வரும். ஜனவரி பிறந்து ஆறு நாளில் செல்லம்மா இரண்டு தடவை எட்டு மணிக்குப் போய் நின்றாள்.

"செல்லம்மா, நான் என்ன பண்றது? பேரண்ட்ஸ் கேள்வி கேக்கறாங்க," என்றாள் சுப்ரியா மேடம். நல்ல மாதிரிதான், பாலக்காட்டுக்காரி. "இன்னொரு தடவை லேட்டானா நான் பக்கத்துத் தெருவுலயே ஒரு ஆளைப் பாத்துக்கறேன். மனசுல வச்சுக்காதீங்கோ."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போது கரண்டி சட்டியில் இடித்த இடியிலேயே துரைராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆட்டோல போயேன்," என்றார்.

"தெனத்துக்கும் ஆட்டோவா? நான் இன்னா கலெக்டரா? பஸ்ஸு இன்னாத்துக்குக் கீது?"

மகள் ஷர்மிளா சிரித்தாள். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. தமிழ் புரியும், வாயைத் திறந்தால் நாலு பாஷையும் ஒன்றாக வரும். "அம்மா, சிட்டிக்கு பெரிய கிளைமேட் பிளானே இருக்கு. பசுமைச் சபைன்னு ஒண்ணு இருக்குல்ல, அவங்க போட்டது. மன ரூட் கூட உந்தி அந்துலோ. சூஸ்தாவா?" என்று, தங்கள் தடமும் அதில் இருப்பதைக் காட்டப் போனை நீட்டினாள்.

துரைராஜ் போனில் எதையும் படிக்க மாட்டார். மறுநாள் அவள் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். எண்பத்திரண்டு பக்கம். முன்னட்டையில் ஒரு பச்சை இலை, அதற்குள் சபைச் சேர்மன் முகம். துரைராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தார். உலகம் எத்தனை டிகிரி சூடாகும், நகரத்துப் புகையை எந்த வருஷத்துக்குள் பாதியாக்குவார்கள் என்பதையெல்லாம் மரியாதையாகப் புரட்டிவிட்டு நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றார். லாலாகுடா, ஏ.எஸ்.ராவ் நகர் தடத்தில் பன்னிரண்டு மின்சாரப் பஸ்கள். காலை மாலை இரு வேளையும், போக வர. 31-12-2025க்குள்.

"தேதி போட்டுகீறான்டி," என்றார். குரலே மாறிவிட்டது.

"நைனா, அது சும்மா விஷன் டாக்குமெண்ட். சீரியஸ்கா தீஸ்கோகு, எடுத்துக்காத," என்றாள் ஷர்மிளா, பயந்துபோய்.

துரைராஜிடம் போய்த் தேதியைச் சும்மா என்று சொல்லலாமா? முப்பத்து நாலு வருஷம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவருக்கு அதுதான் வேலை. பெட்டியைப் பிரித்துப்போட்டு, ஆட்டம் அசைவு பார்த்து, பெயிண்ட் அடித்து வெளியே அனுப்பும்போது அதன் முதுகில் இரண்டு தேதி எழுதுவார்கள். வேலை முடிந்த தேதி ஒன்று, மறுபடி ஒர்க்ஷாப்புக்கு வந்து சேரவேண்டிய தேதி ஒன்று. தகரத்தில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து அதை எழுதியவர் துரைராஜ். அந்தத் தேதி தாண்டிய பெட்டியை எந்த வண்டியிலும் கோக்கக் கூடாது. பெரிய ஆபீசர் மாமனார் வீட்டுக்குப் போகிற வண்டியானாலும் கழற்றி ஓரம் கட்டவேண்டியதுதான்.

"காசு ஒதுக்கிட்டும் வாங்கல," என்று பஸ்ஸுக்குக் காசு ஒதுக்கிய அறுபத்தாறாம் பக்கத்துக்கும், ஷர்மிளா எடுத்துக் கொடுத்த சபையின் புதுச் செலவுக் கணக்குக்கும் மாறி மாறி விரலை வைத்தார். "பஸ்ஸுக்குன்னு வச்ச துட்ட ஃப்ளைஓவர் தூண்ல மரம் வரையறதுக்கு மாத்திட்டானுங்க. பாரு, 'தூண்களில் பசுமை ஓவியம்'னு. வரைஞ்ச மரத்துல நெழல் வருமாடி? நான் பெயிண்டர் சொல்றேன், வராது."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆளைக் காணோம். பரணில் இருந்த தகரப் பெட்டியும் இல்லை. சாயங்காலம் விரலெல்லாம் வெள்ளைப் பெயிண்டோடு வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை காலை ஸ்டாப்புக்குப் போன செல்லம்மா அப்படியே நின்றுவிட்டாள். நிழற்குடையின் பின்பக்கத் தகரத்தில் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும், கோடு பிசகாமல், ரயில் பெட்டி எழுத்து:

மின்சாரப் பஸ்: 12. வந்தது: 0. வரவேண்டிய நாள்: 31-12-25. பக்கம் 41. தாமதம்: ___ நாள்.

காலி இடத்தில் சாக்பீஸால் 12 என்று எழுதிக்கொண்டிருந்தார் துரைராஜ்.

"இன்னாங்க இது? பஸ் ஸ்டாப்ப கூட்ஸ் வண்டி மாதிரி ஆக்கி வச்சுகீறீங்க! ஊரு சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும். நம்பரு எல்லா பாஷைலயும் ஒண்ணுதான்."

ஊர் சிரிக்கவும் செய்தது, எண்ணவும் செய்தது. கூடப் பஸ் ஏறும் ஃபாத்திமா, ஒரு கிளினிக்கில் ஆயாவாக இருப்பவள், தினமும் அதைச் சத்தம் போட்டுப் படித்தாள். "பதினாலு! பதினஞ்சு! ஹவ், அண்ணா, இவ்ளோ நாள்ல எங்க வீட்ல பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டிருந்தா நாத்தே மொளச்சிருக்கும்." டீக்கடையில் உட்காரும் ஒர்க்ஷாப் கிழவர்கள் காலையில் பேப்பருக்கு முன்னால் அந்த நம்பரைப் பார்த்தார்கள். தினம் எழுதுவதற்காகத் துரைராஜ் செல்லம்மாவோடு கூடவே ஸ்டாப்புக்கு வந்தார், கேரியரையும் அவரே தூக்கிக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். செல்லம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நடந்தாள். சந்தோஷமாக இருந்தால் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

பதினேழாம் நாள் பசுமைச் சபையிலிருந்து வினய் என்று ஒரு சின்ன வயசு அதிகாரி வந்தான். கூடவே சுண்ணாம்பு வாளியோடு ஒரு ஆள்.

"பெத்தாயனா, பெரியவரே, இப்படித் தப்பான செய்தி எழுதக்கூடாது," என்றான். நெல்லூர்க்காரன், மெட்ராஸில் படித்ததால் தமிழ் வந்தது.

துரைராஜ் நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். வினய் படித்தான். மறுபடி படித்தான். முன்னட்டையைத் திருப்பித் தன் ஆபீஸ் முத்திரைதானா என்று பார்த்தான்.

"நிஜமாவே போட்டிருக்கு," என்றான். பாவம், அவனை யாரும் அதைப் படிக்கச் சொல்லி வேலைக்கு எடுக்கவில்லை. போகும்போது ஒரு சேதி சொன்னான். "புதன்கிழமை பசுமை வாரம் ஆரம்பம். சேர்மன் இங்கதான் வர்றாரு. மின்சாரப் பஸ்ஸும் வருது."

"பன்னெண்டா?"

"ஒண்ணு," என்றான் வினய். சுண்ணாம்புக்காரன் வாளியைத் திறக்கவே இல்லை.

புதன்கிழமை காலை குளிர் பல்லைத் தட்டியது. ஸ்டாப்பில் வாழைமரம், காகிதத் தோரணம். துரைராஜ் எழுதியதை மறைத்துச் சேர்மன் முகம் போட்ட பிளெக்ஸ். சாலையில் தடுப்பு வைத்து, சூரியன் உதித்ததும் சேர்மன் முகத்தில் விழ வேண்டும் என்று ஆறரைக்கே விழாவை வைத்திருந்தார்கள். செல்லம்மா கேரியரோடு வந்து நின்றாள். ஆறு நாற்பது ஆயிற்று. ஆறு ஐம்பது ஆயிற்று.

"ஏன் தம்பி, எங்க பஸ்ஸு?" என்று வினயைக் கேட்டாள்.

"விழாவுக்காக இன்னிக்கு மட்டும் அந்தப் பஸ் கேன்சல்மா. வெளி ரோட்ல திருப்பி விட்டுட்டாங்க."

பஸ் விடுகிற விழாவுக்காகப் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். செல்லம்மா விரலை மடக்கி எண்ணினாள். மூன்றாவது தடவை. நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி அவளுடைய அடுப்பில் நின்று, பாக்கெட் பொடியைப் போட்டு ஏதோ ஒன்றைக் கொதிக்க வைப்பாள். பிள்ளைகள் அதை அவள் பெயர் சொல்லியே குடிக்கும். அவள் கேரியர் மூடியை இன்னொரு முறை அழுத்தி மூடினாள்.

மின்சாரப் பஸ் சத்தமில்லாமல் வந்து நின்றது. வழவழவென்று பச்சை. நெற்றியில் சாமந்தி மாலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். சேர்மன் தேங்காய் உடைத்தார், ரிப்பன் வெட்டினார், புவி வெப்பமடைவதைப் பற்றி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசினார். டிரைவர் சீட்டில் வெளியூர் ஆள் இல்லை, ஃபிட்டர் ஜேம்ஸ் மகன் பாபு, இதே குவார்ட்டர்ஸில் டவுசர் போட்டுத் திரிந்தவன்.

"பாபு, எங்கடா போவுது இது?"

"பேகம்பேட்டுக்கு அத்தே. அங்க இன்னொரு போட்டோ. அப்புறம் டெப்போவுக்கு. சும்மா காட்டறதுக்குத்தான் வாங்கியாந்தாங்க."

செல்லம்மா கணவனைப் பார்த்தாள். அவர் பிளெக்ஸின் ஒரு முனையைத் தூக்கி, உள்ளே கையை விட்டுச் சாக்பீஸால் 21 என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய துணிப்பை பெஞ்சில் கிடந்தது. எண்பத்திரண்டு பக்கம், ஸ்டென்சில், தூரிகை, எனாமல் டப்பா, துணி, சாக்பீஸ், அதோடு குச்சியில் சுற்றிய ஒர்க்ஷாப் சிவப்புக் கொடி. செல்லம்மா அதை உருவினாள். விறுவிறுவென்று போய், பஸ்ஸுக்கு நேர் முன்னால் ரோட்டில் இருந்த குழியில் குத்தி நட்டாள். பதினாறு மாசமாக மூடாத குழி அன்றைக்கு ஒரு வேலைக்கு ஆயிற்று. நட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டில் கேரியரை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கொடிக்கு லாலாகுடாவில் என்ன அர்த்தம் என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கு அடியில் ஆள் படுத்து வேலை செய்யும்போது முன்னால் நடுகிற கொடி அது. யார் நட்டாரோ அவரேதான் பிடுங்க வேண்டும். வேறு எவர் கையும் படக்கூடாது. முன்னொரு காலத்தில் அவசரக்காரக் கிளார்க் ஒருவன் அதை எடுத்துப்போட, வண்டி நகர்ந்து, துரைராஜின் அப்பா சந்தானத்தின் இடது கால் போயிற்று. அந்தக் கட்டைக் காலின் சத்தம் குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் கேட்டது. அங்கே பிறந்த பிள்ளைக்கு அம்மா என்று சொல்ல வருவதற்குள் கொடியைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

பாபு சாவியைத் திருப்பப் போனவன் கொடியைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றான்.

"என்னப்பா, கிளம்பு," என்றான் வினய்.

"கொடி இருக்குது சார்."

"எடுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

"வச்சவங்கதான் எடுக்கணும் சார்."

வினய் சலித்துக்கொண்டு தானே குனிந்தான். "ஏய்!" என்று டீக்கடையிலிருந்து ஒரே குரலாக முப்பது கிழவர்கள் கத்தினார்கள். கையில் டீ கிளாஸோடு எழுந்து வந்து கொடியைச் சுற்றி நின்றார்கள். பந்தோபஸ்துக்கு வந்த கான்ஸ்டபிளும் கேட்காமலே இரண்டடி பின்னால் போனார். அவருடைய மாமனார் ஒர்க்ஷாப் கார்ப்பெண்டர்.

"யார் வச்சது?" என்றார் சேர்மன்.

எல்லோரும் ஜன்னலைக் காட்டினார்கள்.

"நான்தான் வச்சேன்," என்றாள் செல்லம்மா. "நான் ஏழரைக்கு ஏ.எஸ்.ராவ் நகர்ல இருக்கணும். நாப்பது புள்ளைங்க சோத்துக்கு ஒக்காந்திருக்கும். எங்க பஸ்ஸ நீங்க நிறுத்திட்டீங்க. இந்தப் பஸ்ஸு அங்க போவட்டும், எடுக்கறேன்."

"சரிம்மா, போகும். இறங்கி வந்து எடுங்க."

"நான் எறங்கினதும் நீங்க கெளம்பிட்டா?"

சேர்மன் வினயைப் பார்த்தார். இறங்கினால்தான் கொடியை எடுக்கலாம், எடுத்தால்தான் பஸ் நகரும், ஆனால் இறங்கினவளை ஏற்றிக்கொள்ளுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிழவர்கள் கூடி ஆலோசித்தார்கள். ஒருவர் எழுதி வாங்கலாம் என்றார். ஒருவர் சாவியை வாங்கலாம் என்றார். வினயின் போனில் பேகம்பேட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருந்தது. முப்பது போன்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன.

கடைசியில் ஃபாத்திமாதான் வழி கண்டுபிடித்தாள். "கைகூ, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? சேர்மன் சாப் அக்கா சீட்ல உக்காரட்டும். அக்கா எறங்கி எடுத்துட்டு வரட்டும். சாப்ப விட்டுட்டு பஸ் எங்க போவும்?"

கிழவர்கள் இதுதான் நியாயம் என்றார்கள். சேர்மன் ஒருமுறை கேமராக்களைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே ஏறினார். ஏறினவர் மடியில் செல்லம்மா கேரியரை வைத்தாள்.

"சாயாம புடிச்சுக்கோங்க. ரசம்."

அவள் இறங்கிப் போய்க் கொடியைப் பிடுங்கித் திரும்புவதற்குள், அங்கே காத்திருந்த இருபத்து நாலு பெண்களும் துரைராஜும் ஏறிவிட்டார்கள். இடம் இல்லாமல் வினய் படியில் நின்றான். சேர்மன் மறுநாள் பேப்பரில் வரவேண்டிய முகத்தோடு, சூடான கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மௌலாலி தாண்டி ஃப்ளைஓவருக்கடியில் பஸ் போனது. தூணுக்குத் தூண் பச்சை மரங்கள், கிளி உட்பட. பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணா, இதுல மாம்பழம் எப்போ காய்க்கும்?" என்று ஃபாத்திமா துரைராஜைக் கேட்டாள்.

"அது சேர்மன் சாரத்தான் கேக்கணும். நம்ம பஸ்ஸுதான் அங்க மரமா நிக்குது." துரைராஜ் பையிலிருந்து எண்பத்திரண்டு பக்கத்தையும் எடுத்தார். "சார், நாப்பத்தி ஒண்ணு, அறுபத்தி ஆறு. ரெண்டையும் படிக்கட்டா?"

"வேண்டாம் பெரியவரே. எனக்குத் தெரியும்," என்றார் சேர்மன். முகம் விழுந்துவிட்டது. வேட்டியில் ரசம் ஒரு சொட்டு சிந்தியிருந்தது. "நாளையிலேர்ந்து இந்தப் பஸ் ஓடும். மிச்சத்துக்கு ஏற்பாடு பண்ணறேன்."

"வாயால சொன்னா பெயிண்ட் நிக்காது சார்," என்று சாக்பீஸை நீட்டினார் துரைராஜ்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கறுப்புத் தட்டியில், ஆடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, சேர்மன் எழுதினார். நாளை முதல் 6.40, ஒன்று. மீதி பதினொன்று, 31-3-26. கையெழுத்து. அவர் உட்கார்ந்ததும் துரைராஜ் தூரிகையை எடுத்து, சாக்பீஸ் கோட்டின் மேலேயே அழியாத வெள்ளை எனாமலை இழுத்தார். பாபு கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஏழு இருபத்தெட்டுக்கு மாலை போட்ட பஸ் காப்பகத்து வாசலிலேயே நின்றது. சுப்ரியா மேடம் ஓடி வந்தாள். முதலில் இறங்கியது ஒரு கேரியர், அதைப் பிடித்திருந்தது சேர்மன்.

"செல்லம்மா, என்ன இது?"

"லேட்டாவக் கூடாதுன்னீங்களே மேடம்," என்றாள் செல்லம்மா.

பக்கத்துத் தெருக்காரியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சு இல்லை.

மறுநாள் ஆறு நாற்பதுக்குப் பஸ் வந்தது. பாபுதான். துரைராஜ் பிளெக்ஸை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வந்தது என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தை ஒன்றாக்கினார். தாமத எண்ணை அழிக்கவில்லை, 22 என்று போட்டார். "பதினொண்ணு பாக்கி கீது," என்றார். பிறகு கொடியை மடித்து, ஒரு சாக்பீஸும் சேர்த்து, செல்லம்மாவின் பையில் வைத்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஏ.எஸ்.ராவ் நகர் ஸ்டாப்பில் நின்றாள். ஆறாயிற்று. ஆறேகாலாயிற்று. பழைய பஸ்ஸையும் காணோம், கூட்டம் நெளிந்தது. காலையில் கொண்டுவந்து விட்டார்கள், சாயங்காலம் கொண்டுபோய் விடுவதைப் பற்றிச் சேர்மன் ஒன்றும் எழுதவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எழுதாவிட்டால் என்ன, நாற்பத்தோராம் பக்கத்தில் போக வர என்றுதானே போட்டிருக்கிறது?

பைக்குள் கையை விட்டாள். கொடி தட்டுப்பட்டது. கொடியை நடுவதற்கும் ஒரு பஸ் வேண்டுமே என்று சிரிப்பு வந்தது. சாக்பீஸை எடுத்தாள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எழுத்து என்றால் வீட்டில் அவர் வேலை என்று முப்பத்தாறு வருஷம் விட்டு வைத்தவள். நிழற்குடைத் தகரத்தில், எட்டின உயரத்தில், ஒரே ஒரு கோடு இழுத்தாள். கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனாலும் ஒன்றுதான்.

"க்யா ஹை அம்மா, அது?" என்று பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் கேட்டாள்.

"ஒண்ணு," என்றாள் செல்லம்மா, விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "நாளிக்கி ரெண்டு."